ஒரு மூட்டை நெல்லுக்கு வாங்கிய அக்கா

பாசத்துக்கும் பிடிவாதத்துக்கும் ஒரே முகத்தை வைத்திருந்த என் அப்பாவுக்கு,

முதலில் அறிவிப்புகள். பூசை முடிந்ததும் நம் கோயிலில் வாசிப்பார்களே, அந்தக் குரலில் படித்துக்கொள். "அன்பார்ந்த குடும்பத்தாருக்கு அறிவிப்பது: திருவாளர் அப்பா அவர்கள் விட்டுச்சென்ற நீல ரப்பர் செருப்புகளில் இடது கால் செருப்பு, சென்ற வாரம் எதிர்வீட்டு நாயால் கடத்தப்பட்டு, பலத்த காயங்களுடன் வாய்க்கால் ஓரம் மீட்கப்பட்டது. சிகிச்சை பலனின்றி அன்று மாலையே குப்பைமேட்டில் நல்லடக்கம் செய்யப்பட்டது. வலது கால் செருப்பு ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறது. அதற்காக வேண்டிக்கொள்வோம்."

இதைப் படித்துக் காட்டினால் அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உன்னை எடுத்த அன்று அவள் அப்படி அழவில்லை. அன்று அவளுக்குக் கோபம்தான் இருந்தது. யார் மேல் என்று உனக்குத் தெரியும்.

கடிதத்தில் அப்பாவை 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்பார் எங்கள் தமிழ் ஐயா. எழுதிப் பார்த்தேன். நீ பின்னால் திரும்பி வேறு யார் நிற்கிறார்கள் என்று தேடுவதுபோல் இருந்தது. அதனால் நீதான். இதைப் பத்திரிகையில் போடப் போகிறார்கள் என்பதால் ஊர் பேர் கிடையாது, அக்கா பேர் கிடையாது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கேயோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளட்டும். ஏன் இந்த ஒளிவு மறைவு என்று கடைசியில் உனக்கே புரியும். புரிந்ததும் அடிக்க வராதே. வரமுடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அக்கா சாமிக்கு வாக்குக் கொடுக்கிற வார்த்தைப்பாடு முடிந்துவிட்டது, அப்பா. அவள் இப்போது முழு சிஸ்டர்.

உனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. எனக்கும்தான். எனக்கு மட்டும் சிஸ்டராக இருந்தவள் இன்று ஊருக்கெல்லாம் சிஸ்டர். அங்கே ஃபாதர் இருக்கிறார், மதர் இருக்கிறார், சிஸ்டர்கள் வரிசையாக இருக்கிறார்கள். நம் வீட்டில் இருந்த எல்லா உறவையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். பிரதர் ஒருவனை மட்டும் வேண்டாம் என்று நமக்கே விட்டுவிட்டார்கள். அவள் மடத்துக்குப் போனாள், வீட்டில் மடையன் மிஞ்சினான்.

அவள் அதை முதன்முதலில் சொன்ன மதியம் நினைவிருக்கிறதா? காலேஜ் முடித்திருந்த சமயம். நீ வயலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தாய். மீன் குழம்பு.

"ப்பா, நான் கன்னியர் மடத்துல சேரலாம்னு இருக்கேன்."

"கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று அம்மாவிடம் சொன்னாய். அம்மா ஊற்றினாள். பாதித் தட்டு முடிந்த பிறகுதான் தலையைத் தூக்கினாய்.

"யாரு கிண்டி வுட்டது உன்ன?"

"யாரும் இல்லப்பா. எனக்கா தோணுச்சு."

"உனக்கா தோணுறதுக்கு உனக்கு இன்னா வயசு?"

"அம்மாவ நீ கட்டிக்கினப்போ அம்மாவுக்கு என்னவிடக் கம்மி வயசுதானே?"

நான் சிரித்துவிட்டேன். என் தலையில் ஒன்று வைத்தாய். அக்காவுக்கு விழ வேண்டியது எனக்கு விழுவது நம் வீட்டு வழக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்து நீ சொன்னதை இன்றைக்கும் என்னால் தமாஷாக மாற்ற முடியவில்லை.

"கட்டிக் குடுத்தா, மாமியாரோட சண்டை போட்டுக்கினாவது அப்பன் வூட்டுக்கு வருவ. புருஷன் அடிச்சான்னு அழுதுகினாவது வருவ. நான் போய் நாலு கேள்வி கேப்பேன். அங்க போனா யாரு கிட்டடி போயி நான் கேக்குறது?"

நீ கையைத் தட்டிலேயே கழுவினாய்.

அவள் விலைக்கு வாங்கிய பிள்ளை. இதைப் படிக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது, அதனால் விவரம் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகி வெகுநாள் பிள்ளையில்லாமல் இருந்த நீயும் அம்மாவும் மாதாவிடம் போய், பிள்ளை பிறந்தால் உனக்கே கொடுத்துவிடுகிறோம் என்று வேண்டிக்கொண்டீர்கள். அக்கா பிறந்தாள். சொன்னபடி தூக்கிக்கொண்டு போய்ப் பீடத்துப் படியில் படுக்க வைத்தீர்கள். அப்படிக் கொடுத்த பிள்ளையைக் காணிக்கை வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். உபதேசியார் மாதா கட்சியில் நின்று, "இது மாதா புள்ள, யாரு வாங்கிக்கிறீங்க?" என்று கேட்பார். நீ, "நான் வாங்கிக்கிறேன்" என்று ஒரு மூட்டை பொன்னி நெல்லை இறக்கினாய். அவர் அக்காவைத் தூக்கி உன் கையில் கொடுத்து, "இனி புள்ள உங்களுது" என்றார்.

எத்தனை முறை சொல்லியிருப்பாய் இந்தக் கதையை! சொல்லும்போதெல்லாம் கையை ஏந்திக் காட்டுவாய். நான் வேண்டுதல் எதுவும் இல்லாமல் தானாக வந்தவன். "என்ன எவ்வளவுக்குப்பா வாங்குன?" என்று கேட்டால், "உன்னையா? தவிட்டுக்கு" என்பாய். எல்லா வீட்டிலும் பிள்ளைகளை அப்படித்தான் வெறுப்பேற்றுவார்கள். ஆனால் நம் வீட்டில் ஒருத்தியை நிஜமாகவே நெல்லுக்கு வாங்கியிருந்தார்கள் என்பதால் எனக்குத் தவிடு கொஞ்சம் உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ மறந்திருக்கமாட்டாய், ஊரும் மறக்கவில்லை. பூசை முடிவில் ஃபாதர் அறிவிப்பு வாசித்தார். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, கோயில் வெள்ளையடிக்க நன்கொடை, அதற்கடுத்து, "நம் பங்கின் அன்பு மகள் ஒருவர் இறையழைத்தலை ஏற்றுத் துறவற வாழ்வுக்குச் செல்கிறார்" என்று அக்கா பேரையும் உன் பேரையும் சொன்னார். எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கும் நேரம், ஆண்கள் பக்கத்திலிருந்து நீ எழுந்தாய். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"தடை இருக்கு சாமி."

கல்யாண ஓலை வாசிக்கும்போது, இந்தத் திருமணத்துக்குத் தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று மூன்று ஞாயிறும் கேட்பார்களே, அதுபோல இதற்கும் கேட்பார்கள் என்று நீ நம்பிக்கொண்டு வந்திருக்கிறாய். கேட்கவில்லை. அதனால் நீயே எழுந்துவிட்டாய்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஓலை இல்லீங்களே. வெறும் அறிவிப்புதான்."

"எதுவா இருந்தாலும் தடை இருக்கு சாமி. இவள நான் மாதா கிட்ட குடுத்து, ஒரு மூட்ட நெல்லு எறக்கித் திரும்ப வாங்கிக்கினேன். இதே கோயில்ல. அன்னிக்கே கணக்கு தீந்துபோச்சு. குடுத்தத வாங்கிக்கினு மறுபடியும் வந்து கேட்டா இது இன்னா நியாயம்?"

கோயில் சிரித்தது, அப்பா. கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. பூசை முடியும் நேரம், பசி வேளை, ஒருவர் தொடங்கினார், எல்லோருக்கும் வந்துவிட்டது. ஃபாதர்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நீ நின்றுகொண்டே இருந்தாய். உட்காரலாமா வேண்டாமா என்று தெரியாதவன் போல.

ஊரையே சிரிக்கவைக்க என்னென்னவோ செய்தவன் நான். டீச்சர் பையில் ரப்பர் பல்லி விட்டவன், தேர்தல் நேரத்தில் நம் வீட்டு ஆட்டின் கழுத்தில் 'வாக்களிப்பீர்' அட்டை தொங்கவிட்டவன். அன்றைக்கு ஒரு ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்ததும் பையன்கள் ஆரம்பித்துவிட்டார்கள். கிரிக்கெட்டில் அவுட் கொடுத்தால் "தடை இருக்கு சாமி". பரோட்டாக் கடையில் பில் வந்தால் "ஒரு மூட்ட நெல்லு எறக்குனேனே சாமி". நான் போய் விளையாடுவதை நிறுத்திவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய். "ரசீது வாங்கியிருக்கணும். அங்கதான் தப்பு பண்ணிட்டேன்."

அவள் போனாள். நீ வழியனுப்ப வரவில்லை. முதல் லீவுக்கு அவள் வந்தபோது, நீ பாயைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் கொட்டாய்க்குப் போய்விட்டாய். அவள் இருந்த நாளெல்லாம் அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். தூக்குவாளி சுமந்தவன் நான். பழைய நண்பர்களை விட்டதற்குக் கிடைத்த புது வேலை. ஒரு நாள் வரப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்.

"எளச்சிட்டாளாடா?"

"எங்க எளைக்கிறது? கன்னம் உப்பிப்போய்க் கெடக்கு. அங்க நல்லா போடுறாங்க போல."

உனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ சோற்றைத் தள்ளிவிட்டாய். "அப்ப அங்க நல்லாத்தான் இருக்கா" என்றாய். எவ்வளவு கசப்பாகச் சொன்னாய்! அவள் இளைத்திருக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டிருக்கிறாய். இளைத்து, அழுது, முடியவில்லை என்று வந்து வாசலில் நிற்க வேண்டும். நீ நாலு கேள்வி கேட்க வேண்டும். பெற்றவர்கள் பிள்ளை நன்றாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள் என்று யார் எழுதிவைத்தது? நம் வீட்டில் அவள் நன்றாக இருந்ததுதான் உன்னை அரித்தது.

நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒரு நாளாவது யோசித்தாயா? உன் எதிரிலேயேதான். உன்னைச் சிரிக்கவைக்க அவளைப் போலக் கையைக் கூப்பி, முக்காடு போட்டு, "ஸ்தோத்திரம்பா" என்று நடித்தேன். ஃபாதர் மாதிரி மூக்கால் பாடினேன். நீ என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தாய். போனவளுக்காகத் திறந்து வைத்த கதவில், இருந்தவனுக்குக் காற்றுகூட வரவில்லை.

பிறகு உனக்கு மூச்சிரைப்பு வந்தது. ஆஸ்பத்திரி. அக்காவுக்கு நவசந்நியாச வருஷம், வீட்டுக்கு வர அனுமதி இல்லாத வருஷம். "சொல்லி அனுப்பட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"நான் கூப்புட மாட்டேன். அவங்க பர்மிஷன் கேட்டுக்கினு ஒண்ணும் என்ன வந்து பாக்க வேணாம்."

அதோடு விட்டாயா? மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய். "அவ அந்தச் சேலை மாத்துற அன்னிக்கு இந்த வூட்டு ஆளு யாரும் அங்க போயி நிக்கக்கூடாது. நின்னா, நான் செத்துட்டேன்னு அர்த்தம்."

நீ நிஜமாகவே செத்துப்போன பிறகு அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? யோசித்தாயா? மிரட்டலைச் சொல்லிவிட்டு, அதைத் திரும்ப எடுக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டால் எப்படி?

அக்கா உன் சாவுக்கு வந்தாள். அம்மாதான் கடைசியில் தகவல் அனுப்பினாள், அவள் வருவதற்குள் நீ ஐஸ் பெட்டியில் இருந்தாய். இரண்டு சிஸ்டர்களோடு வேனில் வந்து இறங்கி, அவர்களோடு வரிசையாக நின்று ஜெபமாலை சொன்னாள். வாய்விட்டு அழாமல் நின்றாள். அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பெத்தவன் கெடக்கறான், அழறதுக்குக்கூட அங்க பர்மிஷன் வாங்கணுமாடி?" என்று கத்தினாள். அடக்கம் முடிந்ததும் வேன் கிளம்பிவிட்டது. உன் கடைசி நாள்களைப் பற்றி அவள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை.

இப்போது வார்த்தைப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணையும் அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் நின்று, கையில் எரியும் மெழுகுவர்த்தியோடு பீடம் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். பீடத்துக்கு முன் மெழுகுவர்த்தியைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பின்னால் வந்துவிட வேண்டும். கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். இந்த முறை திரும்ப வாங்கிக்கொள்கிற வழக்கம் கிடையாது.

அம்மா அழைப்பைப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குக் கீழே சொருகினாள். "அவரு வார்த்தைய மீற என்னால ஆவாது" என்றாள். உன் வார்த்தை மட்டும் காரணம் இல்லை, அவளுக்கும் கோபம் ஆறவில்லை.

நான் போகிறேன் என்று கிளம்பினேன். ஏன் தெரியுமா? மன்னிக்கவா? இல்லை. கேலி செய்த பையன்களில் ஒருவனான டேவிட்டிடம் (பேர் மாற்றப்பட்டுள்ளது, அவனுக்கே தெரியாமல்) பந்தயமே கட்டினேன். "எங்கப்பா வுட்ட எடத்துல இருந்து நான் புடிக்கிறேன் பாரு. அவ்ளோ பெரிய கோயில்ல, பிஷப்பு முன்னாடி எழுந்து, தடை இருக்குன்னு சொல்லப் போறேன்."

"கிழிச்ச."

"சொல்லிட்டா?"

"சொன்னீன்னா பிரியாணி. வில்லியனூர்ல, ஃபுல்லு."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நினைக்காதே. கோயில் உன்னைப் பார்த்துச் சிரித்ததே, அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. நீ தனியாக நின்றாய். இரண்டாவது ஆளாக நான் எழுந்தால் நீ சொன்னது தமாஷ் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா?

அன்று காலை நான் சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா நல்ல புடவையில் வந்து நின்றாள்.

"நீ எங்க?"

"உன்னத் தனியா வுட்டா எதுனா கோணங்கித்தனம் பண்ணி மானத்த வாங்குவ. உன்னப் பாத்துக்கத்தான் வரேன். அவளப் பாக்க இல்ல."

"சரி, சரி. பவுடரு ஜாஸ்தியா இருக்குது, தொட."

"மூடிக்கினு நட."

திரும்பி வந்த பிறகு பையன்களிடம் நான் விட்ட கதையைச் சொல்கிறேன், கேள். பிஷப்பு அக்கா பேரைக் கூப்பிட்டதும் நான் சடாரென்று எழுந்தேன். தடை இருக்கு என்றேன். மைக்கில் பாட்டுப் போட்டு என் குரலை அமுக்கிவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்க யாரு சிஸ்டர்?" என்று கேட்டேன். எங்கள் அப்பா பிள்ளைடா நான் என்று மார்தட்டினேன். டேவிட் வாயைப் பிளந்தான். பிரியாணியும் வாங்கிக் கொடுத்தான். லெக் பீஸோடு.

அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை, அப்பா. டேவிட், நீ இதைப் படித்தால் பிரியாணியைத் திருப்பிக் கேட்காதே, செரித்துவிட்டது.

நடந்தது இதுதான். பூசைக்கு முன் கோயில் வராந்தாவில் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். எல்லாருக்கும் ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. வேட்டி கட்டிய அப்பாக்கள், கோட்டுப் போட்ட ஒரு அப்பா, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டே இருந்த ஒரு அப்பா. நம் வரிசையில் அம்மா ஒரு பக்கம் விறைப்பாக நின்றாள், அக்காவைப் பார்க்காமல். மறுபக்கம் காலி. நான் தூணுக்குப் பின்னால் நின்று பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு வயதான சிஸ்டர் வந்தார். "தம்பி, அப்பா எடத்துல நீங்க வந்து நில்லுங்க" என்று கையில் மெழுகுவர்த்தியைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். நின்றேன். உன் இடம் எனக்குப் பெரிதாக இருந்தது. நான் எங்கே நின்றாலும் யாராவது சிரிப்பார்கள், அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அக்கா வெள்ளைப் புடவையில் இருந்தாள். புதுச் சேலை உள்ளே தட்டில் காத்திருந்தது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, வரிசை நகர்ந்தது, இவள் மட்டும் நகரவில்லை. என் பக்கம் குனிந்தாள்.

"டேய். அப்பா எதுனா சொன்னாராடா? கடைசியா?"

இதற்காகத்தானே வந்தேன்! வாயைத் திறந்தால் போதும். நீ சொன்ன அத்தனையும் எனக்கு அப்படியே தெரியும். யாரும் போகக்கூடாது என்றாய், நின்றால் நீ செத்துவிட்டாய் என்று அர்த்தம் என்றாய். அதைச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். சத்தியமாக. என் கையிலிருந்த மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறியிருப்பாள். நீ அத்தனை நாள் வாசலைப் பார்த்துக் காத்திருந்தது நடந்திருக்கும். உன் தடையை நான் எழுந்து நின்று கத்த வேண்டிய அவசியமே இல்லை, காதில் சொன்னால் போதும்.

"சொன்னாரு" என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

"போவட்டும்டா, நல்லா இருக்கட்டும்னு சொன்னாரு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து என் பொய்களை வரிசை எண் போட்டுச் சொல்லக்கூடியவள். "அப்பா அப்படியெல்லாம் பேச மாட்டாரேடா."

"ஜுரத்துல சொன்னாரு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நடந்தாள். நம்பினாளா? தெரியவில்லை. நம்பவேண்டும் என்று முடிவெடுத்தாள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்தப் பக்கம் அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் பிடித்திருந்த மெழுகுவர்த்தி உருகிக் கையில் விழுந்துகொண்டிருந்தது, உதறவில்லை. பீடத்துக்கு முன் முதலில் சிலுவை போட்டது அவள்தான். போட்டுவிட்டு, அக்காவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நான் சிலுவையைத் தலைகீழாகப் போட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

பஸ்ஸில் அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது அம்மா கேட்டாள். "உங்கப்பா எப்ப அப்படிச் சொன்னாரு?"

"நீ காபி வாங்கப் போயிருந்தப்ப."

"நான் எங்கடா காபி வாங்கப் போனேன்? அந்த ஆஸ்பத்திரிக் காபிய வாயில வெக்க முடியாது."

"அப்ப டீ."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தவளக்குப்பம் போயிற்று. அதற்குப் பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "போயிருப்பேன். எதுக்கோ ஒரு தபா கீழ எறங்குன மாதிரிதான் இருக்குது."

அதனால் இப்போது அது நடந்துவிட்டது, அப்பா. நீ சொன்னாய். அம்மா கீழே இறங்கியிருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். மாற்ற முடியாது.

எனக்கு உன்மேல் கோபம் போகவில்லை. அந்த ஒரு வரியை நீயே சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டு அத்தனை பேசினாயே, அந்த மூச்சில் இரண்டு வார்த்தைக்கு இடமில்லையா? அவள் சாமியிடம் போனாள் என்று அவளோடு பேசாமல் இருந்தாய். பிறகு நீயும் அதே சாமியிடம் போய்விட்டாய். இரண்டு பேரையும் ஒரே ஆள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், நடுவில் நின்று பொய் சொல்லும் வேலை மட்டும் எனக்கு. அவரிடமாவது கேட்டாயா, ஒரு மூட்டை நெல்லுக்கு என்ன பதில் என்று?

இதைப் படிக்கிறவர்கள் யாராவது மடத்தில் இருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

உன் வார்த்தையைக் காப்பாற்றப் போகிறேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். காப்பாற்றவில்லை. உன் வாயை உன்னைக் கேட்காமல் எடுத்து வேறொரு வார்த்தை பேசிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சத்தியம் செய்கிறேன். இனி அவள் எப்போது கேட்டாலும், என்னை எத்தனை முறை மடக்கினாலும், இதே பதிலைத்தான் சொல்வேன், ஒரு எழுத்து மாறாது. என்றைக்காவது அவளும் நீ இருக்கிற இடத்துக்கு வருவாள். வந்ததும் முதலில் இதைத்தான் கேட்பாள். நீ எதுவும் பேச வேண்டாம். தலையை மட்டும் ஆட்டு.

இப்படிக்கு,
நீ சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லிவிட்ட,
உன் மகன்